வழியறிதலையும் குரலையும் ஆராய வருபவருக்கு: பொது ஆய்வுக் கூடத்தில் எங்கிருந்து தொடங்குவது

இருட்டில் பறக்கும் வௌவால் தானே குரல் எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கிறது. பூக்களைப் பார்த்துவந்த தேனீ, கூட்டுக்குள் ஆடும் நடனத்தால் திசையையும் தூரத்தையும் மற்ற தேனீக்களுக்குச் சொல்கிறது. சுண்டெலிக் குஞ்சு கூட்டைவிட்டு வெளியே விழுந்தால் நம் காதுக்கு எட்டாத மீயொலியில் கத்துகிறது. தாய் அந்தக் குரலைத் தேடிப்போய்க் கவ்வி எடுத்து வருகிறது. இடத்தை அறிவதும் செய்தி சொல்வதும் இந்த உயிர்களிடம் கலந்தே இருக்கின்றன. வௌவாலின் ஹிப்போகேம்பஸில் (இடத்தையும் நினைவையும் கையாளும் மூளைப் பகுதி), அருகில் உள்ள இன்னொரு வௌவால் எங்கே இருக்கிறது என்பதைக் குறிக்கும் நியூரான்கள் (நரம்பணுக்கள்) உள்ளன என்று 2018இல் தெரியவந்த பிறகு, இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்ற எண்ணம் இன்னும் வலுத்திருக்கிறது.

ஆனால் சேர்த்துப் படிக்க என்னென்ன வேண்டும் என்று பாருங்கள். விலங்குகளை வளர்க்கும் இடம், அவை ஓடவோ பறக்கவோ ஓர் அறை, அசைவைப் பின்தொடரும் கேமராக்கள், மீயொலியைப் பிடிக்கும் மைக்குகள், மூளையின் மின்துடிப்பைப் பதியும் கருவி, பிறகு மூளைத் திசுவைப் பார்க்க நுண்ணோக்கி, எல்லாத் தரவையும் வைக்கவும் அலசவும் கணினி. தனி ஆய்வகம் ஒன்றால் இத்தனையையும் வாங்கிப் பராமரிக்க முடியாது. அதற்காகத்தான் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் கோர் ஃபெசிலிட்டி எனப்படும் பொது வசதிகளை நடத்துகின்றன.

இந்தத் துறைக்குக் கருவியைப் பகிர்வது புதிதும் இல்லை. டொனால்ட் கிரிஃபின் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, உயர் அதிர்வெண் ஒலியைக் கண்டறியும் கருவி ஒன்றை இயற்பியலாளர் ஜி. டபிள்யூ. பியர்ஸ் வைத்திருந்தார். 1938இல் வௌவால்களை அந்தக் கருவியின் முன்னால் கொண்டுபோய் வைத்தபோதுதான் அவை மீயொலி எழுப்புவது தெரிந்தது. கேள்வி விலங்கியல் மாணவருடையது, கருவி இயற்பியல் துறையினுடையது.

முதன்முறையாக இப்படி ஒரு வசதிக்குள் நுழையும் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களையும், வேறு துறையிலிருந்து வருபவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: கருவிகளைத் தனித்தனியாக முன்பதிவு செய்யலாம், ஆனால் உங்கள் சோதனை ஒன்றுதான். அசைவு, குரல், நியூரான் ஆகிய மூன்றையும் ஒரே காலக்கோட்டில் சேர்க்கும் வேலையை எந்தக் கருவியும் தானாகச் செய்துதராது. கீழே சொல்லும் படிகளில் பாதி அந்த வேலைக்கானவை.

படி 1: ஒரு பக்கத்தில் கேள்வியை எழுதுங்கள்

எந்தக் கருவி வேண்டும் என்பதிலிருந்து தொடங்காதீர்கள். எந்த விலங்கு, அது என்ன செய்ய வேண்டும், நீங்கள் எதை அளக்கப் போகிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பக்கத்தில் மூன்று எண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

முதலாவது, இடத்தின் அளவு. ஒரு மீட்டர் பெட்டி போதுமா, ஓர் அறை வேண்டுமா? இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் வௌவால்கள் பறக்க 200 மீட்டர் நீளச் சுரங்கம் கட்டினார்கள். இட நியூரான் என்பது விலங்கு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது துடிக்கும் நியூரான். அங்கே பதிந்தபோது, ஒரே இட நியூரான் பல இடங்களில், வெவ்வேறு அளவுப் பரப்புகளுக்குத் துடிப்பது 2021இல் வெளியானது. சின்னப் பெட்டியில் வைத்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. இடத்தின் அளவு, விடையையே மாற்றக்கூடும்.

இரண்டாவது, கேட்க வேண்டிய ஒலியின் உச்ச அதிர்வெண். எலிகளின் அபாயக் குரல் 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம், விளையாட்டிலும் உற்சாகத்திலும் எழுப்புவது 50 பக்கம். சுண்டெலிகள் ஏறக்குறைய 30 முதல் 110 கிலோஹெர்ட்ஸ் வரை போகின்றன. ஜீப்ரா ஃபிஞ்ச் என்ற சிறு பாடும் பறவையின் பாட்டு நம் காதுக்கே கேட்கும். பதிவு வேகம் உச்ச அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும் என்பதால், சுண்டெலிக்கு நொடிக்கு 2,50,000 மாதிரிகள் எடுக்கும் பதிவுக்கருவி வழக்கம். சாதாரண ஒலிப்பதிவு அட்டை 44,100 மாதிரிகள்தான் எடுக்கும். அதில் சுண்டெலியின் குரல் பதியவே பதியாது.

மூன்றாவது, காலத் துல்லியம். ஜீப்ரா ஃபிஞ்சின் மூளையில் எச்.வி.சி. என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள ஒருவகை நியூரான்கள் பாட்டின் ஒரு சுற்றில் ஒரே ஒரு தடவை, சுமார் 6 மில்லிநொடி மட்டும் துடிக்கும் என்று 2002இல் கண்டார்கள். அதைப் பார்க்க வருபவருக்கு மில்லிநொடிக் கணக்கு வேண்டும். பெட்டிக்குள் நடக்கும் எலியின் இட நியூரானைப் பார்ப்பவருக்குப் பத்து இருபது மில்லிநொடி தள்ளிப்போனாலும் பெரிய நஷ்டம் இல்லை.

படி 2: திட்டம் முடிவாகும் முன்பே போய்ப் பேசுங்கள்

பலர் திட்டத்தை முழுக்கத் தீட்டி, அனுமதியும் வாங்கிவிட்டு, கடைசியில் வசதியின் கதவைத் தட்டுகிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். அந்த ஒரு பக்கத்தோடு போய், அங்கே அன்றாடம் கருவியை இயக்குபவரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். மேலாளரைவிட, கையில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்பவருக்குத்தான் அந்த அறையின் குணம் தெரியும். நூற்றுக்கணக்கான சோதனைகள் எங்கே முறிந்தன என்று பார்த்திருப்பார். என் கணிப்பில், ஒரு வசதியின் விலைமதிப்பான சொத்து லேசரோ காந்தமோ கிடையாது, இந்த மனிதர்கள்தான்.

கேட்க வேண்டியவை சில. உங்கள் விலங்கைப் போன்றதை இதற்குமுன் யாராவது இங்கே கொண்டுவந்தார்களா? அதே அறையில் வேறு எந்த விலங்கு வருகிறது? எலியின் வாசனை மிஞ்சியிருக்கும் அறையில் சுண்டெலி அஞ்சி ஒடுங்கிவிடும். விளக்கு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது? சுண்டெலியும் எலியும் இரவில் உலவுபவை. நம் பகலை அவற்றின் இரவாக மாற்றித்தரும் வளர்ப்பு அறை இருக்கிறதா? கருவி நின்றுபோனால் மாலையிலும் விடுமுறையிலும் யாரை அழைப்பது? தரவை எப்படி வெளியே எடுப்பது? சோதனைக்கு நடுவே வேறு யாராவது கதவைத் திறக்க முடியுமா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தோன்றும், ஆனால் பழகிக்கொண்டிருக்கும் விலங்குக்குக் கதவு திறப்பது பெரிய நிகழ்ச்சி.

உங்கள் நிறுவனத்தில் வசதி இல்லையென்றால் வெளியே பாருங்கள். சியாட்டிலில் உள்ள ஆலன் நிறுவனத்தின் ஓப்பன்ஸ்கோப் திட்டம், வெளி ஆய்வாளர்களிடம் முன்மொழிவுகளைக் கேட்டு, தேர்வானவற்றை அங்குள்ள பணியாளர்களைக் கொண்டே நடத்தித் தரவைத் தருகிறது. அமெரிக்காவின் ஜனேலியா வளாகம் வருகை ஆய்வாளர்களை ஏற்கிறது. ஐரோப்பாவில் யூரோ பயோஇமேஜிங் அமைப்பு நுண்ணோக்கி வசதிகளை வெளியாருக்குத் திறந்துவிடுகிறது. எங்கே விண்ணப்பித்தாலும் அவர்கள் முதலில் பார்ப்பது கேள்வியின் தெளிவைத்தான். படி 1இல் எழுதிய பக்கம் அங்கேயும் உதவும்.

படி 3: அனுமதிகள்

நிறைய நாள் பிடிக்கும் வேலை இது. அதனால் சீக்கிரம் தொடங்குங்கள். விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலில் நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு செயலும், அது நடக்கும் இடமும், செய்பவரின் பெயரும் இருக்க வேண்டும். பொது வசதிக்குப் புதிதாக வருபவர்கள் தவறவிடுவது இந்த 'இடத்தை'த்தான். சொந்த ஆய்வகத்துக்கு வாங்கிய ஒப்புதல், இன்னொரு கட்டடத்தின் அறைக்குத் தானாகப் பொருந்தாது. விலங்கை எப்படிக் கொண்டுபோவீர்கள், திரும்பிக் கொண்டுவருவீர்களா என்பதையும் எழுத வேண்டிவரும். வெளியிலிருந்து வரும் விலங்கென்றால் தனிமைப்படுத்திவைக்கும் காலம் உண்டு.

ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மூன்று கொள்கைகள் இன்றும் இந்த ஒப்புதலுக்கு அடிப்படை: விலங்குக்கு மாற்று உண்டா என்று பார், எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறைக்கும் வழியைத் தேடு. படிவத்தை நிரப்புவதற்காக மட்டும் இதைப் படிக்காதீர்கள். பதிவு சரியாக அமையாமல் வீணாகும் ஒவ்வொரு நாளும் ஒரு விலங்கு வீணாகத் துன்பப்படும் நாள். நன்றாகத் திட்டமிடுவதும் கருணையில் சேரும்.

உங்கள் உடல்நலத்தையும் கவனியுங்கள். எலி, சுண்டெலி ஒவ்வாமை வேலை செய்யச் செய்ய வரும். முகக்கவசத்தை முதல் நாளிலிருந்தே போடுங்கள். காட்டிலிருந்து பிடித்த வௌவால்களைத் தொடுபவர்கள் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று வசதிகள் கேட்பது வழக்கம். லேசர் அறைக்குத் தனிப் பாதுகாப்புப் பயிற்சி.

படி 4: பயிற்சி, முன்பதிவு

முதலில் வேறு ஒருவர் வேலை செய்வதைச் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் பணியாளர் பக்கத்தில் நிற்க நீங்கள் செய்யுங்கள். அவர் சரி என்ற பிறகுதான் தனியாக. பெரும்பாலான வசதிகளில் இதே வரிசைதான், அவசரப்பட்டு யாரும் தாண்டவிட மாட்டார்கள், விடவும் கூடாது.

முன்பதிவில் புதியவர்கள் கணக்கிடாமல் விடுவது முன்னும் பின்னும் ஆகும் நேரம். ஒரு மணி நேரப் பதிவுக்கு விலங்கைக் கொண்டுவரவும் கருவியைச் சூடாக்கவும் அளவு சரிபார்க்கவும் துடைக்கவும் இன்னொரு மணி நேரமாவது ஆகும். அதைவிட முக்கியம், விலங்கின் நேரம். இடத்தைப் பழகுவதற்கே பல நாட்கள் பிடிக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து மணி நேரம் கிடைப்பதைவிட, தொடர்ந்த நாட்களில் தினமும் ஒரே வேளையில் கிடைக்கும் ஒரு மணி நேரம் மேல். இதைச் சொல்லி மொத்தமாகக் கேளுங்கள். விலங்கு ஆய்வின் தேவை என்று தெரிந்தால் பணியாளர்கள் அட்டவணையை மாற்றித்தர முயல்வார்கள். வர முடியாவிட்டால் முன்கூட்டியே நீக்கிவிடுங்கள், இன்னொருவர் காத்துக்கொண்டிருப்பார்.

படி 5: அறையை அறையாகவே வைத்திருங்கள்

வழியறிதல் ஆய்வில் பொது அறைக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஜான் ஓ'கீஃபும் ஜொனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் 1971இல் இட நியூரான்களை அறிவித்தார்கள். 2005இல் மோசர் தம்பதியின் குழு நார்வேயின் ட்ரோண்ட்ஹைமில் கட்ட நியூரான்களைக் கண்டது; இவை இடமெங்கும் சீரான இடைவெளியில் அமைந்த பல புள்ளிகளில் துடிப்பவை. 2014இல் ஓ'கீஃபும் மோசர் தம்பதியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். இந்த நியூரான்களைப் பற்றித் தெரிந்த ஒரு முக்கியச் செய்தி, அவை சுவரில் உள்ள அடையாளங்களைப் பிடித்துக்கொள்கின்றன என்பது. பெட்டியின் உட்சுவரில் ஒட்டிய அட்டையைக் கால்வட்டம் நகர்த்தினால், தலை நோக்கும் திசையைக் குறிக்கும் நியூரான்களும் அதோடு சேர்ந்து பெரும்பாலும் திரும்பிவிடும். அறையின் தோற்றமே மாறினால் இட நியூரான்கள் வேறொரு வரைபடத்துக்குத் தாவும்.

பொது அறையில் என்ன நடக்கும்? நேற்று வந்தவர் திரையைக் கொஞ்சம் இழுத்துவிட்டிருப்பார், நாற்காலியை மூலைக்குத் தள்ளியிருப்பார், சுவரில் ஒரு படம் கூடியிருக்கும். உங்களுக்கு அது அதே அறை, எலிக்கு வேறு ஊர். ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் அறையை நான்கு மூலைகளிலிருந்தும் படம் எடுங்கள், முந்தைய நாள் படத்தோடு ஒப்பிடுங்கள். பெட்டியின் கால்கள் நிற்கும் இடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். அடையாள அட்டைகளை உங்களுடையதாகவே வைத்திருந்து தினமும் மாட்டி, தினமும் கழற்றி எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் நிற்கும் இடமும் விலங்குக்கு ஓர் அடையாளம்தான். ஒரே இடத்தில் நில்லுங்கள், அல்லது திரைக்குப் பின்னால் போய்விடுங்கள். துடைக்கும் திரவத்தையும் நடுவில் மாற்றாதீர்கள், வாசனைத் தடமும் வழிகாட்டும்.

படி 6: ஒலி

விலங்கை உள்ளே விடும் முன், காலி அறையைப் பதிவு செய்யுங்கள். கேமரா, கணினி, விளக்கு, மோட்டார் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, உங்கள் மைக்கால் பத்து நிமிடம். நம் காதுக்கு அமைதியாக இருக்கும் அறையில் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே பெரும் இரைச்சல் இருக்கும். எல்.இ.டி. விளக்குகளை மங்கச்செய்யும் மின்சுற்று, மின்வழங்கிகள், மின்விசிறிகள், சில திரைகள் எல்லாமே மீயொலி கக்கும். சுண்டெலிக்கு அவை நன்றாகவே கேட்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். பிறகு வேறு மின்வழங்கிக்கு மாறலாம், அல்லது கருவியை அறைக்கு வெளியே வைத்துக் கேபிளை மட்டும் உள்ளே கொண்டுவரலாம்.

அறைச் சுவரில் நுரைப்பஞ்சு ஒட்டியிருப்பதைப் பார்த்து ஒலி அடங்கிவிடும் என்று நம்பாதீர்கள். மெல்லிய நுரை உயர் அதிர்வெண்ணை உறிஞ்சும், தாழ்ந்த ஒலியை அப்படியே விட்டுவிடும். பறவைப் பாட்டுக்கும் மனிதப் பேச்சுக்கும் இது சிக்கல். வௌவாலுக்கு வேறு சிக்கல்: எதிரொலி வராத அறையில் அதற்குச் சுவரே தெரியாது. எதிரொலியை ஆராயும் சோதனையில் எந்தப் பரப்பு மென்மையாக இருக்கலாம், எது கடினமாக இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து வைக்க வேண்டும்.

இரண்டு விலங்குகள் சேர்ந்து இருக்கும்போது கத்தியது யார் என்பது இந்தத் துறையின் பழைய தலைவலி. சுண்டெலியின் வாய் அசைவைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பல மைக்குகளை வைத்து, ஒலி ஒவ்வொன்றையும் எட்டிய நேர வித்தியாசத்திலிருந்து இடத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். ஒரு மில்லிநொடி பிசகினால் 34 சென்டிமீட்டர் தவறு. அதாவது இந்த எலியின் குரலை அந்த எலிக்கு எழுதிவிடுவீர்கள். எனவே எல்லா மைக்குகளும் ஒரே பதிவுக்கருவியில், ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். தனித்தனி யு.எஸ்.பி. மைக்குகள் வேண்டாம். அறை வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். ஒரு டிகிரிக்கு ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் மாறும்.

படி 7: கடிகாரங்களை ஒன்றாக்குங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். கேமராவுக்கு ஒரு கடிகாரம், மைக் பதிவுக்கருவிக்கு ஒன்று, மின்துடிப்பைப் பதியும் கருவிக்கு இன்னொன்று. பொது வசதியில் இவை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் வாங்கிய கருவிகள். ஒவ்வொரு கடிகாரமும் கொஞ்சம் வேகமாகவோ மெதுவாகவோ ஓடும். இரண்டு கடிகாரங்களுக்கு இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அது 180 மில்லிநொடி. அந்த நேரத்துக்குள் நொடிக்கு 30 சென்டிமீட்டர் ஓடும் சுண்டெலி 5 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். 6 மில்லிநொடி மட்டும் துடிக்கும் எச்.வி.சி. நியூரானை வைத்துக்கொண்டு 180 மில்லிநொடிப் பிழையோடு ஒன்றுமே சொல்ல முடியாது.

ஒரே நேரத்தில் தொடங்கினோம் என்பது இதற்கு மருந்து ஆகாது. தொடக்கம் ஒத்துப்போகும், முடிவு விலகியிருக்கும். செய்ய வேண்டியது இதுதான். ஒரு சிறிய நுண்கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து (மைக்ரோகண்ட்ரோலர்) நேரக் குறியாக மின்துடிப்புகளை அனுப்புங்கள். ஒரு கிளை மின்பதிவுக் கருவியின் டிஜிட்டல் உள்ளீட்டுக்கு, ஒரு கிளை ஒலிப்பதிவின் ஓய்வான ஒரு சேனலுக்கு, ஒரு கிளை கேமராவின் பார்வையில் மூலையில் இருக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி.க்கு. துடிப்புகள் சீரான இடைவெளியில் இருக்கக் கூடாது, முன்பின்னாக இருக்க வேண்டும். சீராக இருந்தால் நடுவில் ஒன்று விடுபட்டபோது எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஒழுங்கற்ற இடைவெளி என்றால் அந்த வரிசையே கைரேகை மாதிரி, எந்தப் பதிவிலும் பொருத்திப் பார்க்கலாம்.

கேமரா சில ஃப்ரேம்களைக் கைவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஃப்ரேம் எண்ணை நேரமாக மாற்றும் கணக்கு அங்கேதான் உடைகிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் எடுக்கப்படும் கணத்தில் கேமராவே வெளியிடும் துடிப்பை மின்பதிவுக் கருவியில் சேமித்துவிட்டால் இந்தக் கவலை தீரும்.

பறக்கும் வௌவாலின் தலையில் கம்பியில்லாப் பதிவுக்கருவி வைக்கிறீர்கள் என்றால் அதற்குள்ளும் தனிக் கடிகாரம் இருக்கும். அதற்குக் காலத்தை ரேடியோ வழியாக அனுப்பும் ஏற்பாடு வசதியில் உண்டா என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

எல்லாம் பொருத்திய பின், விலங்கு இல்லாமல் ஒரு முழு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இடையிடையே எல்.இ.டி. ஒளிரும்போதே ஸ்பீக்கரில் ஒரு கிளிக் ஒலி வரட்டும். பிறகு மூன்று பதிவுகளையும் ஒரே காலக்கோட்டில் வைத்து, முதல் கிளிக்கும் கடைசிக் கிளிக்கும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளந்து எழுதிவையுங்கள். இந்த வெற்று ஓட்டத்தை முடிக்காமல் விலங்கைக் கொண்டுவர வேண்டாம். கருவியில் யாராவது கைவைத்த பிறகு மறுபடியும் செய்யுங்கள். பொது வசதியில் அது அடிக்கடி நடக்கும்.

படி 8: மூளையைப் பதியும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

நியூரோபிக்செல்ஸ் என்ற சிலிக்கான் மின்முனை 2017இல் அறிமுகமானது. 10 மில்லிமீட்டர் நீளமுள்ள மெல்லிய காம்பில் 960 பதிவுப் புள்ளிகள், ஒரே நேரத்தில் 384 சேனல்கள். 2021இல் வந்த இரண்டாம் பதிப்பில் நான்கு காம்பு வகையும் உண்டு, சின்ன விலங்குகளில் நீண்ட நாள் வைத்திருக்க ஏற்றது. மின்துடிப்பை மில்லிநொடிக்கும் குறைவான துல்லியத்தோடு தருவதால் குரல் ஆய்வுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

கால்சியம் ஒளிப்படம் வேறு வகை: நியூரான் துடிக்கும்போது அதற்குள் கூடும் கால்சியத்தை ஒளியாகக் காட்டுவது. ஒரே நியூரான்களை வாரக்கணக்கில் பின்தொடரலாம், எந்த வகை நியூரான் என்றும் அறியலாம். ஆனால் ஜிகேம்ப் போன்ற ஒளிரும் புரதத்தின் ஒளி தணியச் சில நூறு மில்லிநொடி ஆகும். பெட்டிக்குள் உலவும் விலங்கின் இட வரைபடத்துக்கு அது போதும், பாட்டின் அசைகளைப் பிரிக்கப் போதாது. தலையில் மாட்டும் மினிஸ்கோப் என்ற குட்டி நுண்ணோக்கி என்றால் விலங்கு நடமாடலாம். இரு ஃபோட்டான் நுண்ணோக்கி என்றால் பெரும்பாலும் தலை அசையாமல் பொருத்தி, பந்தின் மேல் ஓடவிட்டு, திரையில் மெய்நிகர் உலகைக் காட்டுவார்கள். அப்படிச் செய்யும்போது உட்காதின் சமநிலை உணர்வு விலங்குக்குக் கிடைப்பதில்லை என்பதை முடிவுகளை எழுதும்போது மறக்காதீர்கள்.

எடையைப் பாருங்கள். ஜீப்ரா ஃபிஞ்ச் 15 கிராம் அளவு, சுண்டெலி 25, எகிப்தியப் பழந்தின்னி வௌவால் 150 பக்கம். வௌவால் சுமக்கும் கருவியைக் குருவி சுமக்காது.

பதிவு முடிந்ததும் மின்முனை எங்கே இருந்தது என்று திசுவில் பார்க்க வேண்டும். செருகும் முன் அதில் ஒளிரும் சாயம் பூசிவிடுவது வழக்கம். அதற்கான நுண்ணோக்கி நேரத்தை இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.

மனிதர்களோடு வேலை என்றால் எம்.ஆர்.ஐ. வசதியும், மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் எம்.இ.ஜி. வசதியும். லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களின் ஹிப்போகேம்பஸ் பின்பகுதி பெரிதாக இருப்பதாக 2000இல் வந்த ஆய்வு எம்.ஆர்.ஐ.யால் நடந்ததுதான். ஆனால் படுத்தபடி அசையாமல் இருப்பவர் உண்மையில் எங்கும் போவதில்லை. இரத்த ஓட்டச் சமிக்ஞை உச்சத்தைத் தொட ஐந்து நொடி அளவு ஆகும். இயந்திரத்தின் இரைச்சல் 100 டெசிபெலைத் தாண்டும். பேச்சை ஆராய்பவர்கள் இரைச்சல் இல்லாத இடைவெளியில் ஒலியைக் கேட்கவைத்து, பிறகு படம் எடுக்கும் முறையைக் கேட்டுப் பெறலாம். காந்தம் எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும். யாரும் ஸ்கேன் செய்யாத நேரத்திலும் இரும்புப் பொருளோடு உள்ளே போகக் கூடாது.

படி 9: தரவு

கணக்கு போடுங்கள். 384 சேனல், நொடிக்கு 30,000 மாதிரி, மாதிரிக்கு 2 பைட்: நொடிக்கு 23 மெகாபைட், மணிக்கு 83 ஜிகாபைட். ஒரு மீயொலி மைக் மணிக்கு 1.8 ஜிகாபைட். இதற்கு மேல் வீடியோ. வசதியின் கணினியில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடுவார்களா என்று முதல் நாளே கேட்டு, பதிவு முடிந்த அன்றே இரண்டு இடங்களில் நகல் எடுங்கள்.

மென்பொருள்களில், அசைவைப் பின்தொடர டீப்லாப்கட், ஸ்லீப். மீயொலிக் குரல்களைக் கண்டெடுக்க டீப்ஸ்குவீக். எந்தத் துடிப்பு எந்த நியூரானுடையது என்று பிரிக்க கிலோசார்ட், ஸ்பைக்இன்டர்ஃபேஸ். எல்லாமே இலவசமாகக் கிடைப்பவை. கோப்புகளை என்.டபிள்யூ.பி. என்ற பொது வடிவத்தில் சேமித்தால் பின்னால் டான்டி போன்ற காப்பகத்தில் ஏற்றுவது சுலபம். கோப்பை அந்த வடிவத்துக்கு மாற்றும் நிரல் வசதியில் ஏற்கனவே இருக்கும். புதிதாக எழுத உட்காராதீர்கள். 2017இல் தொடங்கிய சர்வதேச மூளை ஆய்வகம், ஒரே சோதனையை ஒரே மாதிரிக் கருவியோடு பல நாட்டு ஆய்வகங்களில் நடத்துகிறது. எல்லோரும் ஒரே முறையில் எழுதிவைத்தால் என்ன சாத்தியம் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

படி 10: கிளம்பும்போது

கருவியை நீங்கள் கண்ட நிலைக்குத் திருப்பி வையுங்கள். எதையாவது மாற்றியிருந்தால், எது எவ்வளவு என்று பதிவேட்டில் எழுதுங்கள். உடைந்தது என்றால் அன்றைக்கே சொல்லுங்கள். மறைத்தால் அடுத்தவரின் விலங்கு வீணாகும்.

கட்டுரை எழுதும்போது வசதியின் பெயரை, ஆய்வு வளங்களுக்குத் தரப்படும் ஆர்.ஆர்.ஐ.டி. அடையாள எண்ணோடு செய்முறைப் பகுதியில் குறிப்பிடுங்கள். பணியாளர் கட்டணத்துக்குச் செய்த வழக்கமான சேவைக்கு நன்றி தெரிவிப்பது போதும். சோதனையை வடிவமைப்பதிலோ தரவைப் புரிந்துகொள்வதிலோ அவர் அறிவு கலந்திருந்தால் அவர் இணை ஆசிரியர்; இதை எழுதும் கடைசி வாரத்தில் பேசாமல் முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள். கட்டுரை வெளியானதும் ஒரு பிரதியை அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த ஆண்டுக்கான நிதியைக் கேட்கும்போது அவர்கள் காட்டும் பட்டியலில் அது சேரும்.